சி.ஆர்.பி. கூடியிருக்கிறதா? மஞ்சள் மாத்திரை வாங்குவதற்கு முன்னால்

மாஸ்டர் செக்கப் ரிப்போர்ட்டில் சி.ஆர்.பி. (சி-ரியாக்டிவ் புரோட்டீன் என்ற ரத்தப் புரதம்) அதிகம் என்று வந்தால், நம்மில் பலர் முதலில் செய்வது யூடியூபைத் திறப்பது, அடுத்தது மஞ்சளின் சத்தான குர்குமினை அடைத்து விற்கும் மஞ்சள் மாத்திரைக்கு ஆர்டர் போடுவது. கொஞ்சம் பொறுங்கள். அந்த எண் உடம்பில் அழற்சி (கிருமி, காயம் போன்றவற்றுக்கு உடம்பு காட்டும் எதிர்வினை) இருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும். எங்கே, எதனால் என்பதை நாம்தான் தேட வேண்டும்.

முதலில் அலகைப் பாருங்கள். சில லேப்கள் லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று போடும், சில டெசிலிட்டருக்குப் போடும். இரண்டுக்கும் 10 மடங்கு வித்தியாசம். லிட்டர் கணக்கில் 10-க்கு மேல் இருந்தால் பெரும்பாலும் சளி, காய்ச்சல், அடிபட்ட காயம் மாதிரி ஏதோ ஒன்று நடந்துகொண்டிருக்கிறது என்று பொருள். நான் வைரல் காய்ச்சல் முழுசாக விடும் முன்பே டெஸ்ட் எடுத்து, 22 என்று பார்த்து இரண்டு நாள் தூங்கவில்லை. மூன்று வாரம் கழித்து எடுத்தபோது 1.8. காரணம் நின்றுவிட்டால் ரத்தத்தில் இது ஏறக்குறைய 19 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும், அதனால் உடம்பு தேறியபின் மறுபடி எடுங்கள்.

அப்போதும் லிட்டர் கணக்கில் 3-க்கு மேலேயே நின்றால், டேப்பை எடுத்து இடுப்பை அளங்கள். பேன்ட் சைஸை நம்ப வேண்டாம், தொப்பைக்குக் கீழே இறக்கிக் கட்டினால் எல்லோருக்கும் 34தான். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்டபின் அளக்க வேண்டும். இந்தியர்களுக்கு ஆண்களில் 90 செ.மீ., பெண்களில் 80 செ.மீ. தாண்டினால் அதிகம். வயிற்றுக்குள் குடலைச் சுற்றிச் சேரும் கொழுப்பு சும்மா கிடப்பதில்லை, அழற்சியைத் தூண்டும் இன்டர்லூக்கின்-6 போன்ற புரதங்களை விடாமல் சுரக்கிறது. அது கல்லீரலுக்குப் போய்ச் சேர்ந்ததும் கல்லீரல் சி.ஆர்.பி.யைத் தயாரிக்கிறது.

அடுத்தது வாய். யாரும் சந்தேகப்படாத இடம் இதுதான். பல் தேய்க்கும்போது ரத்தம் வருகிறதா? ஈறு நோய் வருடக்கணக்கில் வலியில்லாமல் ஓடும் அழற்சி. கிளீன் செய்தால் பல் ஆடிவிடும் என்று பயப்படாதீர்கள், ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த பல்லை அதன்மேல் படிந்து இறுகிய காரைதான் பிடித்து வைத்திருந்திருக்கும்.

அப்புறம் பக்கத்தில் படுப்பவரைக் கேளுங்கள்: பலமாகக் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று, திணறி எழுகிறீர்களா? அப்படியென்றால் தூக்கப் பரிசோதனை தேவை. சிகரெட், பீடி பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்களுக்கு வேறு கோளாறு இல்லாமலேயே இந்த எண் கூடலாம், டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

சில அறிகுறிகள் இருந்தால் இந்தத் தேடலெல்லாம் வேண்டாம், நேரே டாக்டர்தான். காலையில் எழுந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் விரல் மூட்டுகள் மடங்காமல் இருப்பது முடக்குவாதமாக இருக்கலாம். சாயங்காலக் காய்ச்சல், இரவு வியர்வை, எடை இறக்கம் என்றால் காசநோயைப் பார்க்க வேண்டும். மலத்தில் ரத்தம் போனாலும் தள்ளிப்போடாதீர்கள்.

சரி, மஞ்சள்? குழம்பில் தாராளமாகப் போடுங்கள். மிளகுச் சத்து சேர்த்து விற்கும் குர்குமின் மாத்திரைகளால்தான் சிலருக்குக் கல்லீரல் பாதிப்பே வந்திருக்கிறது.