ஆடும் கதவுக் கைப்பிடி: அவசரத்தில் செய்யும் தவறுகள்

கதவுக் கைப்பிடி ஆட ஆரம்பித்ததும் பலர் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். கையில் அகப்பட்ட ஸ்குரூடிரைவரை எடுத்து, கண்ணில் படுகிற ஸ்குரூவையெல்லாம் பலங்கொண்ட மட்டும் முறுக்குகிறார்கள். இல்லையென்றால் பழையதைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதை வாங்கி மாட்டுகிறார்கள். முதலாவது பல நேரங்களில் பழுதைப் பெரிதாக்குகிறது. இரண்டாவது பழுதை அப்படியே விட்டுவைக்கிறது. தேய்ந்திருப்பது பெரும்பாலும் கைப்பிடி அல்ல. அதைத் தாங்கி நிற்கும் மரத்துளை, அல்லது பிடியை விட்டுவிட்ட ஒரு சிறு ஸ்குரூ. புதுக் கைப்பிடியை அதே தளர்ந்த துளையில் மாட்டினால் அதுவும் சீக்கிரமே ஆடத்தான் செய்யும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஓர் எச்சரிக்கை. கதவைத் திறந்து வைத்து, அடியில் ஓர் ஆப்பு செருகிய பிறகே கைப்பிடியில் கை வையுங்கள். இரு பக்கக் கைப்பிடிகளையும் இணைத்துப் பூட்டின் நடுவே ஓடும் சதுரக் கம்பிதான் கதவை நிலையோடு பிடித்து நிறுத்தும் நாக்கை உள்ளிழுக்கிறது. கதவு சாத்தியிருக்கும்போது அந்தக் கம்பி கழன்று மறுபக்கம் விழுந்துவிட்டால், நாக்கு நிலைக்குள் அப்படியே நின்றுவிடும். உள்ளே இருப்பவர் உள்ளேயே மாட்டிக்கொள்வார். குளியலறைக் கதவிலும், சிறு குழந்தைகள் புழங்கும் அறைகளிலும் இதை ஒருபோதும் அலட்சியப்படுத்தக் கூடாது.

எந்த இடம் ஆடுகிறது?

இதைக் கண்டுபிடிக்காமல் ஸ்குரூவைத் தொடுவதுதான் முதல் தவறு. மற்றத் தவறுகளில் பாதி இதிலிருந்தே பிறக்கின்றன.

ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்து மெதுவாக அசையுங்கள். மறு கையின் ஆட்காட்டி விரலைக் கைப்பிடியின் கழுத்தும் அடித்தகடும் சேரும் விளிம்பின் மேல், இரண்டையும் தொட்டபடி வையுங்கள். தகடு அசையாமல் கழுத்து மட்டும் நகர்ந்தால் விரல் நுனியில் அது தெளிவாகத் தெரியும். பக்கவாட்டில் இருக்கும் சிறு ஸ்குரூ தளர்ந்திருக்கிறது என்று பொருள். இப்போது விரலைத் தகடும் கதவும் சேரும் ஓரத்துக்கு நகர்த்துங்கள். அங்கே அசைவு இருந்தால் தகட்டைப் பிடித்திருக்கும் ஸ்குரூக்களிலோ மரத்திலோ கோளாறு. இரண்டு இடத்திலும் அசைவில்லை, ஆனால் கைப்பிடியைச் சிறிது தூரம் வெறுமனே திருப்பிய பிறகுதான் நாக்கு நகர்கிறது என்றால், சதுரக் கம்பியோ அது நுழையும் சதுரத் துளையோ தேய்ந்திருக்கிறது. அழுத்திவிட்டால் மேலே எழும்பாமல் தொங்குகிற கைப்பிடிக்குக் காரணம் பெரும்பாலும் ஸ்பிரிங். அந்தக் கைப்பிடியின் ஸ்குரூக்களை எவ்வளவு முறுக்கினாலும் பயனில்லை.

கழுத்தில் இருக்கும் சிறு ஸ்குரூ

தலையே இல்லாத அந்தக் குட்டி ஸ்குரூ பெரும்பாலும் கைப்பிடிக் கழுத்தின் அடிப்பக்கம் ஒளிந்திருக்கும். நிமிர்ந்து நின்று பார்த்தால் தெரியாது. குனிந்து பார்க்க வேண்டும், அல்லது விரலால் தடவ வேண்டும். அதன் முகத்தில் ஆறு பக்கக் குழி இருக்கும். அதற்கு வேண்டியது ஆலன் கீ என்கிற ஆறு பக்கச் சாவி. பல கைப்பிடிகளில் 2.5 அல்லது 3 மி.மீ.

ஏறக்குறையப் பொருந்துகிற சாவியை வைத்துத் திருகுவது இங்கே பெரிய தவறு. அங்குல அளவில் வரும் 3/32 சாவி 2.38 மி.மீ. தடிமன் உள்ளது. 2.5 மி.மீ. குழிக்குள் அது சுலபமாக நுழையும், கொஞ்சம் திருகவும் செய்யும். ஆனால் இறுக்கும் நேரத்தில் குழியின் மூலைகளை மழுக்கிவிடும். மூலை மழுங்கிய ஸ்குரூவை வெளியே எடுக்கத் துளையிட வேண்டிவரும். ஐந்து நிமிட வேலை அரை நாள் வேலையாகிவிடும். சாவி குழிக்குள் ஆடாமல், அடிவரை இறங்கி நிற்கிறதா என்று பார்த்த பிறகே திருப்புங்கள்.

இந்த ஸ்குரூ அழுத்த வேண்டியது சதுரக் கம்பியின் தட்டையான பக்கத்தை. கைப்பிடி சற்றே திரும்பிய நிலையில் முறுக்கினால் அது கம்பியின் ஓரத்தில் போய் உட்காரும். அன்றைக்கு இறுகியது போலிருந்து, நான்கு முறை கதவைத் திறந்ததும் நழுவிவிடும். கைப்பிடியைக் கதவை நோக்கி நன்றாக அழுத்திப் பிடித்து, லேசாக அசைத்துக்கொண்டே முறுக்கினால் சரியான இடத்தில் உட்காரும். கம்பி ஒரு பக்கமாக அதிகம் நகர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு கைப்பிடிக்குள் ஆழமாகவும் மற்றதற்குள் நுனி மட்டுமாகவும் நுழைந்திருந்தால், நுனி நுழைந்த பக்கம் எப்போதும் ஆடிக்கொண்டே இருக்கும்.

உருண்டைக் குமிழ்க் கைப்பிடிகளில் இந்த ஸ்குரூவுக்குப் பதிலாகக் கழுத்தில் ஒரு சிறு துளையோ பிளவோ இருக்கலாம். மெல்லிய ஆணியால் அதற்குள் இருக்கும் தடையை அழுத்தினால் குமிழ் கையோடு வரும். அதைக் கவனிக்காமல் ஸ்குரூடிரைவரால் நெம்பி, தகட்டை வளைத்துக் கீறிவிடுபவர்கள் ஏராளம். தகட்டின் ஸ்குரூக்களை மறைக்கும் வட்ட மூடிகளிலும் இதே கதைதான். ஓரத்தில் நெம்புவதற்கென்றே ஒரு சிறு வெட்டு இருக்கிறதா என்று தேடுங்கள். சில மூடிகள் மரையில் சுற்றிக் கழற்றக்கூடியவை.

மரத்துளை தளர்ந்தால்

என்னைக் கேட்டால் அதிகமான கைப்பிடிகள் வீணாவது இந்த இடத்தில்தான். ஸ்குரூ முடிவில்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது, இறுகவில்லை. துளையின் உள்சுவரில் ஸ்குரூ வெட்டிவைத்த மரை பொடிந்துபோய்விட்டது. உடனே தோன்றும் யோசனை, இன்னும் பெரிய ஸ்குரூ போடுவது. தயவுசெய்து வேண்டாம். தடித்த ஸ்குரூவின் தலை தகட்டின் குழிவில் உட்காராமல் துருத்தி நிற்கும். கதவின் ஓரத்துக்கு அருகில் என்றால் மரத்தைப் பிளக்கும். நீளமான ஸ்குரூ இன்னும் மோசம்: கதவுக்குள் பதிந்திருக்கும் பூட்டுப் பெட்டியில் முட்டி அதன் இயக்கத்தையே நிறுத்திவிடக்கூடும்.

பழைய துளையை நிரப்பி, அதே அளவு ஸ்குரூவைத் திரும்பப் போடுவதே சரி. முதலில் துளைக்குள் இருக்கும் பொடியை ஊதி வெளியேற்றுங்கள். மருந்து முனையைக் கிள்ளிய தீக்குச்சிகளையோ பல் குத்தும் குச்சிகளையோ வெள்ளை மரப்பசையில் தோய்த்து, இனிமேல் நுழையாது என்கிற அளவுக்குத் துளைக்குள் நெருக்கமாகச் செருகுங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைக் கூர்மையான கத்தியால் கதவோடு சமமாக வெட்டிவிட்டு, வழிந்த பசையை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள்.

அடுத்து வருவது பொறுமையைச் சோதிக்கும் கட்டம். பெரும்பாலோர் தவறுவதும் இங்கேதான். பசை மேலே காய்ந்தது போலத் தெரிந்ததும் ஸ்குரூவை இறக்கிவிடுகிறார்கள். உள்ளே ஈரமாக இருக்கும் பசை குச்சிகளோடு சேர்ந்து அரைபட்டு, துளை பழையபடியே ஆகிவிடும். 24 மணி நேரம் விட்டுவிடுங்கள். பிறகு 4 மி.மீ. ஸ்குரூவுக்குச் சுமார் 2.5 மி.மீ. அளவில் ஒரு வழித்துளை போட்டு, கையாலேயே மெதுவாக இறக்குங்கள். துளை மிகவும் அகலமாகிவிட்டிருந்தால் குச்சிகள் போதாது. அதைச் சீராக்கி, கடினமான மரத்தில் செய்த உருண்டைக் கட்டை ஒன்றைப் பசையோடு அடித்து இறக்கிவிட்டு, அதில் புதிதாகத் துளையிட வேண்டும்.

பித்தளை ஸ்குரூக்கள் மென்மையானவை. இறுகலான துளையில் முறுக்கினால் தலை கழுத்தோடு ஒடிந்துவிடும். அதே அளவு எஃகு ஸ்குரூ ஒன்றை முதலில் இறக்கி மரை வெட்டவிட்டு, அதைக் கழற்றிய பின் பித்தளை ஸ்குரூவைப் போடுவது தச்சர்களின் பழைய வழக்கம்.

முனை பொருந்தாத ஸ்குரூடிரைவரும் தலைகளைக் கெடுக்கிறது. பிளஸ் வடிவத் தலை எல்லாம் ஒன்றல்ல. பிளஸ்ஸின் கைகளுக்கு நடுவே மெல்லிய கோடுகள் கீறியிருந்தால் அது போசிடிரைவ். அதில் பிலிப்ஸ் எனும் சாதாரண பிளஸ் முனை சரியாகப் பதியாமல் வழுக்கும். மின்சார டிரைவர் இந்த வேலைக்குத் தேவையே இல்லை. கடைசிக் கால் சுற்றில் எப்போது நிறுத்த வேண்டும் என்பதைக் கைதான் உணரும்.

அந்தக் கால் சுற்று முக்கியம். இரு பக்கத் தகடுகளையும் கதவினூடே போல்ட் இணைக்கும் வகைகளில் அதிகம் முறுக்கினால் தகடுகள் பூட்டை நெரிக்கும், கைப்பிடி திரும்பி எழாது. உள்ளே கூடாக இருக்கும் கதவாக இருந்தால் பலகையே அமுங்கிவிடும். போல்ட்களை மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒவ்வொரு முறையும் கைப்பிடியைத் திருப்பிப் பாருங்கள். கைப்பிடி தொங்கினால் போல்ட்களை அரைச் சுற்றுத் தளர்த்துங்கள். உடனே எழும்பினால் கோளாறு உங்கள் முறுக்கில். அப்போதும் எழும்பாவிட்டால் ஸ்பிரிங்கை மாற்ற வேண்டும்.

பசையும் எண்ணெயும்

ஆடுகிற கைப்பிடிக் கழுத்தில் உடனடியாக ஒட்டும் பசையை ஊற்றுபவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கும். அது பூட்டுக்குள் வழிந்தால் நாக்கு இறுகிப்போகும். அடுத்த முறை எதையும் உடைக்காமல் கழற்ற முடியாது. உலோகத்தில் உலோகம் சேரும் ஸ்குரூ அடிக்கடி தளர்ந்தால், அதற்கென்றே மரைப் பிடிப்புத் திரவம் இருக்கிறது. நீல நிறத்தில் வரும் நடுத்தர வகையில் ஒரு சொட்டுப் போதும். அதைச் சாதாரணக் கருவியாலேயே பிறகு கழற்றலாம். சிவப்பு வகை வேண்டாம். அதை இளக்க ஏறக்குறைய 250 டிகிரி செல்சியஸ் சூடு தேவைப்படும். இந்தத் திரவம் காற்றுப் படாத உலோக இடுக்கில்தான் இறுகும் என்பதால் மரத்துளையில் ஊற்றிப் பயனில்லை. சில பிளாஸ்டிக்குகளை விரிசல் விடச் செய்யும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

சமையல் எண்ணெய் பூட்டுக்கு எதிரி; நாளடைவில் பிசுபிசுப்பாகித் தூசியைச் சேர்க்கும். சாவித் துவாரத்துக்குக் கிராஃபைட் தூள் போதும்.

இவ்வளவும் செய்த பிறகும் கைப்பிடி மறுபடி மறுபடி தளர்ந்தால், கதவைப் பாருங்கள். சாத்தும்போது தூக்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறதா, இழுத்து அடிக்க வேண்டியிருக்கிறதா? கதவின் நாக்கில் சுண்ணக்கட்டியைத் தேய்த்துச் சாத்தித் திறந்தால், நிலையில் இருக்கும் தகட்டில் அது எங்கே இடிக்கிறது என்று தடம் விழும். தடம் ஓட்டைக்குக் கீழே விழுந்திருந்தால் கதவு இறங்கியிருக்கிறது. மேல் கீலின் ஸ்குரூக்களை முதலில் இறுக்குங்கள்; அங்கேயும் துளை தளர்ந்திருந்தால் அதே குச்சி வைத்தியம்தான். கதவு தட்டாமல் சாத்தும்வரை கைப்பிடியின் மேல் விழும் பாரம் குறையாது.

மாற்றியே ஆக வேண்டிய நிலையும் உண்டு. கழுத்தில் விரிசல் கண்ட வார்ப்புக் கைப்பிடியைப் பசை காப்பாற்றாது. சதுரத் துளை வட்டமாகத் தேய்ந்துவிட்டால், கம்பியின் பக்கத்தில் மெல்லிய தகரப் பட்டை ஒன்றைச் செருகிச் சில காலம் ஓட்டலாம், அவ்வளவுதான். தீத்தடுப்புச் சான்று பெற்ற கதவுகளில் நீங்களாகப் புதுத்துளை போடாதீர்கள். புதியது வாங்கக் கிளம்பும்போது பழைய கைப்பிடியைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். கம்பியின் தடிமன் (8 மி.மீ. பரவலானது; 7, 9 மி.மீட்டரும் உண்டு), கதவின் தடிமன், தகட்டில் ஸ்குரூத் துளைகளுக்கு இடையே உள்ள தூரம், கைப்பிடியின் மையத்திலிருந்து சாவித் துவாரத்தின் மையம் வரை உள்ள தூரம் ஆகிய நான்கையும் அளந்து எழுதிக்கொண்டால், பழைய துளைகளிலேயே புதியது வந்து உட்காரும்.