வர்க்கமூலம் விகிதமுறு எண்தானா என்று கண்டறியும் முறை

ஓர் எண்ணின் வர்க்கமூலம் விகிதமுறு எண்ணா (இரு முழு எண்களின் பின்னமாக எழுதக்கூடியதா), விகிதமுறா எண்ணா (அப்படி எழுத முடியாததா) என்று கேட்டால் பலரும் முதலில் கால்குலேட்டரைத்தான் எடுக்கிறார்கள். √2-க்கு அது 1.414213562 என்று காட்டி நின்றுவிடுவது திரையில் அதற்கு மேல் இடமில்லாததால்தான். எண்ணின் தன்மையை அதிலிருந்து அறிய முடியாது. எண்ணைப் பகாக் காரணிகளாகப் பிரித்து, அவற்றின் அடுக்குகளைப் பார்ப்பதே நம்பத்தகுந்த வழி. ஒரு முழு எண்ணில் எல்லா அடுக்குகளும் இரட்டைப்படையாக இருந்தால்தான் அது முழு வர்க்கம், அதாவது வேறொரு முழு எண்ணின் வர்க்கம்; இல்லையேல் அதன் வர்க்கமூலம் விகிதமுறா எண்.

1176-ஐ எடுத்துக்கொள்வோம். 2, 3, 7, 8 ஆகிய இலக்கங்களில் முடியும் எந்த முழு எண்ணும் முழு வர்க்கமாகாது என்பதால் அத்தகைய எண்களைப் பார்த்தவுடனே ஒதுக்கிவிடலாம். ஆனால் 6-இல் முடிவது மட்டுமே எதையும் நிரூபிக்காது. பிரித்துப் பார்த்தால் 1176 = 2³ × 3 × 7² என்று வருகிறது. 7-இன் அடுக்கு இரட்டைப்படையாகவும், 2, 3 ஆகியவற்றின் அடுக்குகள் ஒற்றைப்படையாகவும் இருப்பதால் இது முழு வர்க்கம் அன்று; √1176 = 14√6 என்னும் விகிதமுறா எண். குறைவது ஒரு 2-உம் ஒரு 3-உம். ஆகவே 6-ஆல் பெருக்கினால் 7056 = 2⁴ × 3² × 7² என்ற முழு வர்க்கம் கிடைக்கிறது; அடுக்குகளைப் பாதியாக்கினால் 2² × 3 × 7 = 84 அதன் வர்க்கமூலம். (√ குறி மிகை மூலத்தை மட்டுமே குறிக்கும்; x² = 7056 என்ற சமன்பாட்டுக்கோ 84, −84 என இரண்டு தீர்வுகள் உண்டு.)

பின்னமாக இருந்தால் முதலில் சுருக்க வேண்டும். 8/18-இல் தொகுதியும் பகுதியும் முழு வர்க்கங்கள் அல்ல. ஆயினும் சுருக்கினால் 4/9 ஆகி, வர்க்கமூலம் 2/3 என்று வந்துவிடுகிறது. தசமத்தையும் பின்னமாக மாற்றியே பார்க்க வேண்டும்: 9-ஐக் கண்டதும் √0.9 = 0.3 என்று எழுதிவிடுவது அடிக்கடி நேரும் பிழை. 0.3-இன் வர்க்கம் 0.09, 0.9 என்பது 9/10, அதன் பகுதியான 10 முழு வர்க்கம் அன்று என்பதால் √0.9 விகிதமுறா எண்ணே.

இம்முறை ஏன் தவறுவதில்லை என்பதைப் புரிந்துகொள்வதுதான் இதில் மிக முக்கியமானது என்று கருதுகிறேன். √2 = p/q என்று முழு எண்களால் எழுத முடிந்தால் p² = 2q² ஆக வேண்டும். ஒரு முழு எண்ணை வர்க்கப்படுத்தும்போது ஒவ்வொரு பகாக் காரணியின் அடுக்கும் இரட்டிப்பாவதால், இடப்பக்கத்தில் 2-இன் அடுக்கு இரட்டைப்படையாகவும் (2 காரணியாக இல்லாவிட்டால் அடுக்கு 0, அதுவும் இரட்டைப்படையே), வலப்பக்கத்தில் கூடுதலாக ஒரு 2 சேர்வதால் ஒற்றைப்படையாகவும் இருக்கும். ஓர் எண்ணைப் பகாக் காரணிகளாக ஒரே வழியில்தான் பிரிக்க முடியும் என்பதால் இவ்விரு பக்கங்களும் ஒருபோதும் சமமாகா. 577/408 என்னும் பின்னம் √2-க்கு மிக நெருங்கியது: 577² = 332929, 2 × 408² = 332928. வேறுபாடு 1 மட்டுமே. ஆனால் எவ்வளவு பெரிய எண்களைத் தேர்ந்தெடுத்தாலும் அந்த வேறுபாட்டைச் சுழியமாக்க முடியாது.