புற்றுநோய்ச் சிகிச்சையில் இருக்கும்போது மனதுக்கான உதவி: இங்கிலாந்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

கீமோவுக்கும் ரேடியோதெரபிக்கும் ஸ்கேனுக்கும் கடிதம் தானாக வீட்டுக்கு வரும். மனதுக்கான உதவிக்கு அப்படி எதுவும் வராது. கேட்டால்தான் கிடைக்கும், அதையும் யாரிடம், எந்தச் சொல்லில் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தே கிடைக்கும். இங்கே எழுதியிருப்பது இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்கொட்லாந்திலும் வேல்சிலும் ஏற்பாடுகள் வேறு.

புற்றுநோய் உறுதியானதும் உங்களுக்கென்று ஒரு சிறப்புத் தாதியின் பெயரும் நேரடித் தொலைபேசி எண்ணும் தருவார்கள். கிளினிக்கல் நர்ஸ் ஸ்பெஷலிஸ்ட் என்பது பதவியின் பெயர், எல்லோரும் சொல்வது சி.என்.எஸ். எம்மவர்கள் பெரிய டொக்டரைப் பார்க்கும் நாளுக்காக எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருப்பார்கள். அந்தச் சில நிமிடங்கள் ஸ்கேன் முடிவைக் கதைக்கவே போதாது. மனதைப் பற்றிச் சொல்ல வேண்டிய ஆள் இந்தத் தாதிதான். புற்றுநோயாளர்களுக்கென்றே உளவியலாளர்கள் இருக்கும் சைக்கோ-ஒன்கொலொஜி பிரிவு பல பெரிய ஆஸ்பத்திரிகளில் உண்டு, அங்கே பெரும்பாலும் சிகிச்சைக் குழு அனுப்பினால்தான் போகலாம். தொலைபேசியில் இரண்டே வசனம் போதும்: "ஐ ஆம் நொட் கோப்பிங். கேன் யூ ரெஃபர் மீ டு சைக்கோ-ஒன்கொலொஜி?" (என்னால் சமாளிக்க முடியவில்லை, என்னை அந்தப் பிரிவுக்கு அனுப்புவீர்களா?)

'ஹோலிஸ்டிக் நீட்ஸ் அசெஸ்மென்ட்' என்ற படிவமும் கையில் வரும். தூக்கம், பயம், பணம், பிள்ளைகள், கடவுள் நம்பிக்கை என்று ஒரு பட்டியல். எது எவ்வளவு வாட்டுகிறது என்று எண் போட வேண்டும். மரியாதைக்காக எல்லாவற்றுக்கும் சின்ன எண் போட்டுவிட்டு வராதீர்கள், பெரிய எண் உள்ள விடயத்தைத்தான் தாதி எடுத்துக் கதைப்பார்.

மொழிபெயர்ப்பில் தொலைந்துபோவது

மொழிபெயர்ப்பாளரை ஆஸ்பத்திரியும் ஜீபியும் (நீங்கள் பதிந்திருக்கும் குடும்ப டொக்டர்) இலவசமாக ஏற்பாடு செய்வார்கள். அப்பொயின்ட்மென்ட் போடும்போதே கேட்க வேண்டும், அன்று காலையில் கேட்டால் ஆள் கிடைப்பது கடினம். 'தமிழ்' என்று மட்டும் சொல்லாமல் இலங்கைத் தமிழா இந்தியத் தமிழா, ஆணா பெண்ணா என்பதையும் சொல்லுங்கள். கதைப்பது இரண்டு மடங்கு நேரம் எடுக்கும் என்பதால் ஜீபியிடம் இரட்டை அப்பொயின்ட்மென்ட் கேட்பது நல்லது.

பிள்ளையையோ கணவரையோ வைத்து மொழிபெயர்ப்பது இந்த ஒரு விடயத்துக்குச் சரிவராது. "சாகலாம் போல இருக்குது" என்று மகனின் வாயால் சொல்ல எந்தத் தாய்க்கும் வராது. சொன்னாலும் அவன் அதை மென்மையாக்கித்தான் டொக்டரிடம் சொல்வான். ஊர்க்காரர் யாராவது மொழிபெயர்க்க வந்து விடயம் கோயில் வரை போய்விடுமோ என்று பயந்தால், நேரில் ஆள் வேண்டாம், தொலைபேசி மொழிபெயர்ப்பு போதும் என்று கேளுங்கள்.

இன்னொரு சிக்கல் நமது சொற்களிலேயே இருக்கிறது. ஈழத்தில் "ஒரே யோசனையாய்க் கிடக்கு" என்றால் கவலை, பயம், தூக்கமின்மை எல்லாம் அதற்குள் அடக்கம். அது ஆங்கிலத்தில் 'திங்கிங்' என்று போனால் டொக்டர் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போவார். "நெஞ்சு பதறுது" என்றால் ஈசிஜி எடுத்து நோர்மல் என்று அனுப்பிவிடக்கூடும். ஆகவே கணக்கோடு சொல்லுங்கள்: எத்தனை வாரமாக, வாரத்தில் எத்தனை இரவு, எந்த வேலையைச் செய்ய முடியாமல் விட்டீர்கள். "மூன்று வாரமாக விடிய இரண்டு மணிக்கு எழும்புகிறேன், சமைப்பதை விட்டுவிட்டேன்" என்பதை யாராலும் தவறாக மொழிபெயர்க்க முடியாது.

என்.எச்.எஸ் டோக்கிங் தெரபீஸ்

இது அரச சுகாதார சேவையான என்.எச்.எஸ் தரும் உளவளத்துணை, தமிழ்நாட்டில் கவுன்சிலிங் என்பார்கள். ஜீபியில் பதிந்த பெரியவர்கள் யாருடைய கடிதமும் இல்லாமல் தாங்களே இணையத்தில் விண்ணப்பிக்கலாம். ஜீபியில் பதிய விசாவோ முகவரிச் சான்றோ கட்டாயமில்லை. விண்ணப்பித்தவர்களில் 75 வீதமானோரை 6 வாரத்துக்குள் பார்க்க வேண்டும் என்பது இலக்கு, ஆனால் அது முதல் சந்திப்புக்கான கணக்கு. அடுத்ததற்கு இன்னும் காத்திருக்க நேரலாம்.

தொடக்கத்தில் இரண்டு வினாத்தாள்கள். மனச்சோர்வுக்கு 9 கேள்விகள், மொத்தம் 27 புள்ளி. பதற்றத்துக்கு 7 கேள்விகள், மொத்தம் 21. கடந்த இரண்டு வாரத்தை வைத்து ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை போட வேண்டும். களைப்பு, பசியின்மை, தூக்கமின்மை பற்றியும் கேட்பார்கள், அவை கீமோவாலும் வரும் என்பதால் சிகிச்சையில் இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். உயிரை மாய்க்கும் எண்ணம் பற்றிய கேள்வியும் உண்டு. அதற்கு உண்மை சொன்னால் பிள்ளைகளைப் பறித்துவிடுவார்கள் என்ற பேச்சை நம்ப வேண்டாம். உங்களை எப்படிப் பாதுகாப்பது என்று திட்டமிடவே அது கேட்கப்படுகிறது.

பலர் வெளியேற்றப்படுவது மிக அற்பமான காரணத்தால். இவர்களின் அழைப்பு பல வேளை எண் காட்டாமல் வரும், நாம் எடுக்கமாட்டோம், சில முறை தவறினால் பெயரை நீக்கிவிடுவார்கள். விண்ணப்பத்திலேயே கீமோ நாட்களைக் குறிப்பிட்டு, குறுஞ்செய்தி அனுப்பிவிட்டு அழைக்கும்படி கேளுங்கள்.

எல்லாம் மனது அல்ல

கீமோவோடு தரும் டெக்சாமெதசோன் என்ற ஸ்டீரோய்ட் தூக்கத்தைக் கெடுக்கும், எரிச்சலைக் கூட்டும். நிறுத்தியதும் சில நாள் மனம் படுத்துவிடும். கடைசி வேளையை மதியத்துக்குள் எடுக்கலாமா என்று தாதியிடம் கேளுங்கள். திடீர்க் குழப்பமும் ஆள் அடையாளம் தெரியாமல் பேசுவதும் தொற்றின் அறிகுறியாக இருக்கலாம். உளவியலாளருக்காகக் காத்திராமல், காய்ச்சல் இருந்தாலும் இல்லாவிட்டாலும், கீமோ அட்டையில் உள்ள 24 மணிநேர எண்ணுக்கு உடனே அழையுங்கள்.

மனச்சோர்வு மாத்திரை தொடங்கினால் பலன் தெரியப் பொதுவாக 2 முதல் 4 வாரம் ஆகும். மார்பகப் புற்றுநோய்க்கு டமொக்சிபென் என்ற மாத்திரை எடுக்கும் பெண்களுக்கு ஃபுளுவொக்செட்டின், பரொக்செட்டின் என்ற மனச்சோர்வு மாத்திரைகள் ஏற்றவை அல்ல, டமொக்சிபென் வேலை செய்வதை அவை குறைக்கும். ஜீபியிடம் இரண்டு மருந்துப் பெயர்களையும் சேர்த்துச் சொல்லுங்கள். மனச்சோர்வுக்கென்று கடையில் சீட்டில்லாமல் கிடைக்கும் செயின்ட் ஜோன்ஸ் வோர்ட் என்ற மூலிகை சில புற்றுநோய் மருந்துகளின் வீரியத்தைக் கெடுக்கும். ஊரிலிருந்து வரும் அமுக்கராச் சூரணத்தையும் லேகியத்தையும் போத்தலோடு மருந்தாளரிடம் காட்டிவிட்டு எடுங்கள்.

புற்றுநோயாளர்களுக்கு மருந்துச் சீட்டுக் கட்டணம் இல்லை. ஜீபியிடம் எஃப்.பி.92ஏ படிவம் கேளுங்கள். விலக்குச் சான்று பொதுவாக 5 வருடம் செல்லும், மனச்சோர்வு மாத்திரையும் அதில் அடங்கும். விசிட்டர் விசாவில் வந்த பெற்றோரின் நிலைமை வேறு, ஜீபி இலவசம் என்றாலும் ஆஸ்பத்திரிச் சிகிச்சைக்குப் பெரும்பாலும் என்.எச்.எஸ் செலவின் 150 வீதம் கட்டணமாக வரும்.

பதிவே இல்லாமல்

புற்றுநோயாளர்களுக்கு ஆதரவு தரும் தொண்டு நிறுவனமான மேகீஸின் நிலையங்கள் பெரிய புற்றுநோய் ஆஸ்பத்திரிகளின் வளாகத்திலேயே இருக்கின்றன. லண்டனில் சேரிங் குரொஸ், பார்ட்ஸ், சட்டனில் உள்ள ரோயல் மார்ஸ்டன் ஆகியவற்றில் உண்டு. வார நாட்களில் கதவைத் திறந்து உள்ளே போனால் போதும், கடிதம் வேண்டாம், பணம் இல்லை. தேநீர் குடித்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டும் வரலாம். குடும்பத்தினருக்கும் திறந்ததே. மக்மில்லன் என்ற புற்றுநோய்த் தொண்டு நிறுவனத்தின் உதவி எண் 0808 808 00 00, இலவசம். எடுத்தவுடன் ஆங்கிலத்தில் 'டமில்' என்று சொன்னால் மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள்.

தாங்க முடியாத இரவில் 111-ஐ அழைத்து 2-ஐ அழுத்துங்கள், மனநல அவசரக் குழு 24 மணிநேரமும் எடுக்கும். உயிருக்கு ஆபத்து என்றால் 999. வீட்டில் பார்த்துக்கொள்பவரும் தன் ஜீபியிடம் பராமரிப்பாளர் என்று பதியலாம். டோக்கிங் தெரபீஸுக்கு அவரும் தனியாக விண்ணப்பிக்கலாம்.