கரண்ட் போன வீட்டில் மெயினை ஏன் அணைக்க வேண்டும்? நிலநடுக்கத்துக்குப் பிறகு தவிர்க்க வேண்டிய தவறுகள்

நிலநடுக்க ஒத்திகைகளில் குடும்பங்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். புதிதாக வருகிறவர்கள் ஒவ்வொரு முறையும் அதே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். அவற்றில் பல, தொடக்கத்தில் நானும் சறுக்கிய இடங்கள். குலுங்கும்போது மேசைக்கடியில் புகுந்து அதன் காலைப் பிடித்துக்கொள்ள வேண்டும், லிஃப்டில் ஏறக் கூடாது, டார்ச்சுக்கு பேட்டரி வாங்கி வைக்க வேண்டும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை. அவற்றை விட்டுவிடுகிறேன். குலுக்கல் நின்று வீடு இருட்டான பிறகு நடக்கிற தவறுகளே என் கவலை.

வெறுங்காலோடு கட்டிலை விட்டு இறங்குவது

1994 ஜனவரி 17 அன்று கலிஃபோர்னியாவின் நார்த்ரிட்ஜ் பகுதி குலுங்கியபோது மணி அதிகாலை 4.31. சரியாக ஓராண்டு கழித்து, அதே தேதியில் ஜப்பானின் கோபே நகரம் குலுங்கியது 5.46-க்கு. இரண்டு முறையும் மக்கள் படுக்கையில் இருந்தார்கள், வெளிச்சம் கிடையாது. ஜன்னல், கண்ணாடிச் சட்டம், அலமாரிக் கதவு என எல்லாம் நொறுங்கித் தரையில் கிடக்கும். அடுத்த அறையில் பிள்ளை அழுதால் யாரும் கீழே பார்த்து நடப்பதில்லை.

"செருப்பு கட்டிலுக்கடியில்தான் இருக்கு" என்பார்கள். அது போதாது. குலுக்கலில் செருப்பு அறையின் மறுகோடிக்குப் போயிருக்கும். அல்லது அதற்குள்ளேயே கண்ணாடித் துண்டு விழுந்திருக்கும். தடித்த அடிப்பாகமுள்ள ஷூவையும் ஒரு டார்ச்சையும் துணிப்பையில் போட்டு, வாயை இறுக்கி, கட்டில் காலோடு கட்டி வையுங்கள். வீட்டில் எத்தனை பேரோ அத்தனை பை.

தீக்குச்சி, மெழுகுவர்த்தி

வேண்டாம். எங்காவது எரிவாயுக் குழாய் விரிசல் விட்டிருந்தால் அந்தச் சுடரே போதும்.

"கரண்ட்தான் இல்லையே!"

இத்தனை காலத்துக்குப் பிறகும் எனக்கு எரிச்சல் மூட்டும் தவறு இது. ஒத்திகையில் ஒரு குடும்பத்தை வீட்டைக் காலி செய்யச் சொல்வோம். பையை எடுப்பார்கள், மாத்திரையை எடுப்பார்கள், காஸைக்கூட மூடுவார்கள். கதவைப் பூட்டிக்கொண்டு வாசலில் வந்து நிற்பார்கள். "மெயினை அணைச்சீங்களா?" என்று கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். "கரண்டே இல்லையேங்க, எதை அணைக்கிறது?" என்று பதில் வரும். விவரம் தெரிந்தவர்கள், படித்தவர்கள், சில சமயம் மின்வேலை தெரிந்தவர்கள்கூட இதையே சொல்கிறார்கள்.

கரண்ட் திரும்பி வருகிற நிமிடத்தை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. மின்சாரம் போனபோது ஓடிக்கொண்டிருந்த பொருள்களின் சுவிட்சுகள் எல்லாம் அப்படியேதான் இருக்கும். இஸ்திரிப் பெட்டி துணிமேல் கவிழ்ந்திருக்கும். ஹீட்டர் மெத்தைமேல் சாய்ந்திருக்கும். மீன்தொட்டி உடைந்து, தண்ணீருக்குள் இருக்க வேண்டிய சூடேற்றி வெறும் தரையில் காகிதத்தின்மேல் கிடக்கும். பீரோ நகர்ந்து ஒரு ஒயரை நசுக்கியிருக்கும். உள்ளே பாதிக் கம்பிகள் அறுந்து, மீதிக் கம்பிகள் மட்டும் முழு மின்னோட்டத்தையும் தாங்க வேண்டியிருக்கும். சில மணி நேரமோ சில நாளோ கழித்து லைன் வரும். அப்போது வீட்டில் ஆள் இருக்காது, புகையைப் பார்க்க யாரும் இருக்கமாட்டார்கள். குழாய் உடைந்து தண்ணீரும் வராது.

கோபேயில் இதுதான் நடந்தது. காரணம் கண்டறியப்பட்ட தீ விபத்துகளில் சுமார் 60 விழுக்காடு மின்சாரம் தொடர்பானவை. கரண்ட் திரும்பிய பிறகு பற்றியவை அவற்றில் கணிசம். குலுக்கலில் விழாமல் தப்பிய வீடுகள் பிறகு எரிந்தன. இந்த வகைத் தீக்கென்றே ஜப்பானில் தனிப் பெயர் வைத்து, அதிர்வை உணர்ந்து தானாக விழுந்து கரண்டைத் துண்டிக்கும் பிரேக்கரைப் பொருத்தச் சொல்கிறார்கள். ஆட்கள் வெளியேற வெளிச்சம் வேண்டுமே என்று, அதிர்வுக்குப் பிறகு சில நிமிடம் பொறுத்துத் துண்டிக்கும் வகையும் உண்டு.

நான் நேரில் பார்த்த ஒரு வீட்டில் மேசை விளக்கின் ஒயர் பீரோவின் அடியில் மாட்டியிருந்தது. குடும்பம் உறவினர் வீட்டில். கரண்ட் வந்து வெகுநேரம் எதுவும் நடக்கவில்லை. பிறகு மாடி வீட்டுக்காரருக்குக் கருகல் வாடை அடித்திருக்கிறது. பூட்டை உடைத்து உள்ளே போனபோது பாயும் தரைவிரிப்பும் கனன்றுகொண்டிருந்தன. லைன் வந்தவுடன் தீப்பிடிக்கவில்லை என்றால் தப்பித்தோம் என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். நசுங்கிய ஒயர் மெல்லத்தான் சூடேறும்.

வெளியேறும் முன் முதலில் மூக்கால் பாருங்கள். காஸ் வாடை இருந்தால் எந்த சுவிட்சையும் தொடக் கூடாது, மெயின் உட்பட. சுவிட்ச் போடும்போதும் அணைக்கும்போதும் உள்ளே பொறி பறக்கும். கதவைத் திறந்து போட்டு ஆட்களோடு வெளியே போங்கள். வெளியிலிருந்து காஸை மூட முடிந்தால் மூடுங்கள். சிலிண்டர் காஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். நின்றபடி முகர்ந்துவிட்டு "ஒண்ணும் இல்லை" என்று முடிவு செய்யாதீர்கள்.

வாடை இல்லையென்றால் ஹீட்டர், இஸ்திரிப் பெட்டி, அடுப்பு ஆகியவற்றின் பிளக்கைப் பிடுங்குங்கள். பிறகு மெயினை அணையுங்கள். "மெயின் அணைத்திருக்கிறது" என்று எழுதி அந்தப் பெட்டியிலேயே ஒட்டுங்கள். இல்லாவிட்டால் பின்னால் வரும் யாராவது நல்ல எண்ணத்தில் போட்டுவிடுவார்கள்.

இன்வெர்ட்டர் இருக்கும் வீடுகளில் இன்னொரு படி இருக்கிறது. மெயினை அணைத்தாலும் இன்வெர்ட்டரில் இணைத்த விளக்குக்கும் மின்விசிறிக்கும் பேட்டரியிலிருந்து கரண்ட் போய்க்கொண்டே இருக்கும். அதைத் தனியாக அணைக்க வேண்டும். கூரையில் சூரியத் தகடுகள் இருந்தால், வெயில் அடிக்கும்வரை தகட்டிலிருந்து இறங்கும் ஒயரில் மின்னழுத்தம் இருக்கும். அறுந்த ஒயரின் பக்கம் போகாதீர்கள். ஆக்சிஜன் கருவி போன்றவற்றை நம்பியிருக்கும் நோயாளி இருந்தால், மெயினை அணைக்கும் முன் அவருக்கான மாற்று பேட்டரி ஓடுகிறதா என்று பாருங்கள்.

திரும்பி வந்ததும் நேரே மெயினைப் போடாதீர்கள். பகல் வெளிச்சத்தில் ஒவ்வொரு அறையாக ஒயர்களைப் பாருங்கள், ஈரம் இருக்கிறதா பாருங்கள். மின்பெட்டியில் ஒவ்வொரு லைனுக்கும் தனித்தனியாக இருக்கும் சிறு சுவிட்சுகளை (எம்.சி.பி.) எல்லாம் கீழே இறக்கிவிட்டு மெயினைப் போடுங்கள். பிறகு ஒவ்வொன்றாக ஏற்றி, சில நிமிடம் நின்று கவனித்து அடுத்ததற்குப் போங்கள். ஏதாவது ஒன்று தானாகக் கீழே விழுந்தால் (ட்ரிப் ஆனால்) அதை மறுபடி மறுபடி தூக்கிவிடாதீர்கள். அந்த லைனை அப்படியே விட்டுவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

ஜெனரேட்டரை பால்கனியில் வைப்பது

கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது. தலைவலியும் மயக்கமும்தான் அறிகுறி. தூங்குகிறவருக்கு அதுவும் தெரியாது. வீட்டுக்குள், பால்கனியில், கராஜில் எங்கும் வேண்டாம். ஜன்னலிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி, புகை வீட்டுப் பக்கம் திரும்பாதபடி வையுங்கள். கரி அடுப்புக்கும் இதே விதிதான்.

ஜெனரேட்டரின் ஒயரைச் சுவர் சாக்கெட்டில் சொருகி வீடு முழுக்க கரண்ட் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். அந்தக் கரண்ட் வீட்டோடு நிற்காது. தெரு ஒயர் வழியாகப் பின்னோக்கிப் போய், டிரான்ஸ்ஃபார்மரில் உயர் அழுத்தமாக மாறி, கம்பத்தில் லைன் சரிசெய்யும் தொழிலாளியைக் கொல்லும்.

"பெரியது முடிந்துவிட்டது" என்று திரும்புவது

2016 ஏப்ரல் 14 இரவு ஜப்பானின் குமமோட்டோவில் ஒரு பலத்த நிலநடுக்கம். 28 மணி நேரம் கழித்து அதைவிடப் பெரியது வந்தது. முதலாவதுக்குப் பிறகு வீடு திரும்பித் தூங்கிக்கொண்டிருந்தவர்களும் சிக்கினார்கள். நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் 2010 செப்டம்பரில் வந்தது 7.1 அளவு, ஊர் பெரும்பாலும் தப்பியது. 2011 பிப்ரவரி 22-இல் வந்த பின்னதிர்வு அளவில் சிறியது, ஆனால் நகரத்தை ஒட்டி, ஆழம் குறைவாக நிகழ்ந்தது. 185 பேர் இறந்தார்கள். சுவரில் குறுக்கு விரிசல், தூணில் வெடிப்பு, மூட மறுக்கும் கதவு இவற்றில் ஒன்று தென்பட்டாலும் பொறியாளர் பார்க்கும்வரை உள்ளே தூங்காதீர்கள்.

ஃபிரிட்ஜைத் திறந்து திறந்து பார்ப்பது

மூடியே இருந்தால் 4 மணி நேரம் குளிர் தாங்கும். நிறைந்த ஃப்ரீசர் 48 மணி நேரம், பாதி நிறைந்தது 24.

கழிப்பறையில் உடனே தண்ணீர் ஊற்றுவது

கழிவுநீர்க் குழாய் உள்ளே உடைந்திருந்தால் அது கீழ்வீட்டுக் கூரையில் இறங்கும். அடுக்குமாடியில் எல்லா மாடிக்காரர்களும் சேர்ந்து குழாயைச் சரிபார்த்த பிறகே ஊற்றுங்கள். அதுவரை ஒரு வாளி, தடித்த பிளாஸ்டிக் பை, கொஞ்சம் மரத்தூள்.