தரங்கம்பாடிக் காற்றும் அரைவேக்காட்டுச் சோறும்

பொங்கல் முடிந்த கையோடு பழைய ஆம்னி வேனில் பாயையும் பாத்திரத்தையும் ஏற்றிக்கொண்டு தரங்கம்பாடிக்குப் போனோம். 1620இல் டேனியர்கள் கட்டத் தொடங்கிய கோட்டையைப் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டு, சற்றுத் தள்ளிக் கடலோரத்தில் சமையல். அங்கேதான் வம்பு. ஐந்து கிலோ சிலிண்டரின் தலையிலேயே பர்னரைத் திருகும் அடுப்பு. பற்றவைத்தால் அணைகிறது, அணைந்தால் பற்றவைக்கிறேன். முக்கால் மணி நேரம் கழித்தும் சோறு நறுக்கரிசி.

வேனைக் கடலுக்குக் குறுக்கே நிறுத்தி, நிலத்துப் பக்கம் அடுப்பை மாற்றினேன். அப்போதும் சுடர் படுத்தே எரிந்தது. மீன் கூடையோடு போன ஓர் அம்மாள் நின்று பார்த்துவிட்டு, “அடியில் பாருங்கள் தம்பி, காற்று அந்த வழியாகத்தான் வருகிறது” என்றார். குனிந்தேன். சக்கரங்களுக்கு இடையே மணல் சீறிக்கொண்டிருந்தது! இரண்டு சிமெண்டுச் சாக்கில் மணல் நிரப்பி அந்த இடைவெளியை அடைத்தேன். சுடர் நிமிர்ந்தது.

வீடு திரும்பியதும் எண்ணெய் டின் ஒன்றை வெட்டி மூன்று பக்க மறைப்பும் செய்தேன். ஆனால் சிலிண்டரோடு சேர்த்து மறைத்தால் அதுவும் சூடாகும்; அது விபரீதம். ஆகவே குழாய் வைத்த தனி அடுப்பு வாங்கினேன். சிலிண்டர் மறைப்புக்கு வெளியே, அடுப்புக்கடியில் மணலில் புதையாமலிருக்க ஒரு பலகை. காற்றுக்குப் பயந்து வேனுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு சமைப்பவர்களும் உண்டு. அடைத்த இடத்தில் அடுப்பு எரிந்தால் சேரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு மணம்கூடக் காட்டாது.

அடுத்த முறை பூம்புகாரில் கிழங்கான் மீன் குழம்பு இருபது நிமிடத்தில் கொதித்தது. உப்புதான் கூடிவிட்டது.