முதல் ஜாரின் வெளியுறவு: நான்காம் இவானைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரஷ்யாவின் நான்காம் இவான் என்றதும் மகனைக் கோலால் அடித்துக் கொன்ற அரசன்தான் நினைவுக்கு வருகிறான். அந்த ஒரு காட்சியை வைத்துக்கொண்டு அவருடைய வெளியுறவை அளக்கத் தொடங்குவது முதல் தவறு. 'குரோஸ்னி' என்ற அவருடைய பட்டப்பெயர் அக்கால ரஷ்ய மொழியில் எதிரிகளை நடுங்கவைக்கும் வல்லமையைக் குறித்தது. அயல்நாட்டுத் தொடர்புகளை 1549 முதல் இவான் விஸ்கொவாத்தி என்ற அதிகாரி கவனித்துக்கொண்டார். தூதர்களோடு நடந்த பேச்சுவார்த்தைகளை ஏடுகளில் பதிந்துவைத்தார்கள். 1570இல் அதே விஸ்கொவாத்தியை மாஸ்கோவில் பலர் பார்க்கக் கொடூரமாகக் கொல்லவைத்தவரும் இவான்தான். கொடுமையும் உண்மை, திட்டமிட்ட அரசியலும் உண்மை. ஒன்றைச் சொல்வதற்காக மற்றதை மறைக்க வேண்டியதில்லை.

1547 ஜனவரி 16இல் நடந்த முடிசூட்டை வெறும் சடங்காக நினைத்துத் தாண்டிப் போகிறவர்கள் உண்டு. அங்கேதான் அவருடைய வெளியுறவே தொடங்குகிறது. 'ஜார்' என்ற சொல்லை ரஷ்யர்கள் பைசாந்தியப் பேரரசருக்கும் பயன்படுத்தினார்கள், தாத்தார் கான்களுக்கும் பயன்படுத்தினார்கள். வோல்கா ஆற்றங்கரையில் தாத்தார் கான்கள் ஆண்ட இரண்டு நாடுகளில், இவான் 1552இல் கசானைப் பிடித்தார், 1556இல் அஸ்திரகானைச் சேர்த்துக்கொண்டார். போலந்து மன்னர் அந்தப் பட்டத்தை ஏற்க மறுத்தபோது, 'ஜார்கள் ஆண்ட இரண்டு நாடுகள் இப்போது எங்கள் அரசர் கையில் இருக்கின்றன' என்று வாதிட மாஸ்கோவின் தூதர்களுக்கு வழி கிடைத்தது. சுவீடன் மன்னரையோ தனக்குச் சமமாகவே இவான் கருதவில்லை. நோவ்கொரோட் ஆளுநரோடு பேசினால் போதும் என்று சொல்லிவிட்டார். பட்டத்தை விட்டுவிட்டுப் படித்தால் இந்தப் பிடிவாதம் கிறுக்குத்தனமாகத்தான் தெரியும்.

கசான் போரை இஸ்லாத்துக்கு எதிரான சிலுவைப்போர் என்று சுருக்குவதும் தவறு. திருச்சபை அதற்கு அந்த நிறத்தைப் பூசியது உண்மைதான். ஆனால் அஸ்திரகான் விவகாரத்தில் இவானுக்குத் துணை நின்றவர் புல்வெளி நாடோடிகளான நோகாய்களின் தலைவர் இஸ்மாயில், ஒரு முஸ்லிம். 1561இல் இவான் மணந்த மரியா, காக்கேசியக் கபார்தா நாட்டு இளவரசி. 1558 ஜனவரியில் கிறித்தவ லிவோனியாவுக்குள் (இன்றைய எஸ்தோனியா, லாத்வியா) முதலில் புகுந்த மாஸ்கோ படைக்குத் தலைமை தாங்கியவர் ஷா அலி. முன்பு கசானை ஆண்ட தாத்தார் கான் அவர்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு லிவோனியப் போரில்தான் நடக்கிறது. 'கடலுக்கு வழி தேடிய போர்', 'ஐரோப்பாவுக்குச் சாளரம் திறக்கும் முயற்சி' என்று எழுதிவிடுகிறார்கள். அது பிற்கால ஜார் முதலாம் பீட்டரின் கண்ணாடி. 1703இல் நேவா ஆற்றங்கரையில் நகரம் எழுப்பிய பீட்டரின் நோக்கத்தை, ஒன்றரை நூற்றாண்டுக்கு முந்தைய இவானின் தலையில் ஏற்றிவிடுகிறோம். வரைபடத்தை விரித்துப் பாருங்கள். லிவோனியத் துறைமுகமான நார்வா நகரின் எதிர்க்கரையில் இவான்கொரோட் கோட்டையை இவானின் பாட்டனார் மூன்றாம் இவான் 1492லேயே கட்டிவிட்டார். நேவாவின் முகத்துவாரமும் ரஷ்யர் கையில்தான் இருந்தது. கடல் இருந்தது, கரையும் இருந்தது. சண்டை மூண்டது கப்பத்துக்காக. தோர்பாத், அதாவது இன்றைய தார்த்து, மறைமாவட்டம் மாஸ்கோவுக்குத் தரவேண்டிய பழைய கப்பத்தைத் தருவதாக 1554இல் லிவோனியர் ஒப்புக்கொண்டார்கள். லித்துவேனியாவோடு கூட்டு சேர்வதில்லை என்றும் வாக்களித்தார்கள். தவணை முடிந்தபோது தூதர்கள் வெறுங்கையோடு வந்தார்கள். 1557இல் லித்துவேனியாவோடு உடன்படிக்கையும் செய்துகொண்டார்கள். வணிகத்தின் மேல் இவானுக்கு ஆசை இல்லை என்று நான் சொல்லவில்லை. 1558 மே மாதம் நார்வா விழுந்த பிறகு, 23 ஆண்டுகள் அந்தத் துறைமுகத்தை நன்றாகவே பயன்படுத்தினார். ஆனால் கிடைத்த பலனைக் காரணமாக்கிக் காட்டுவது வரலாறு ஆகாது.

1558 முதல் 1583 வரை நடந்ததை ஒரே போராகப் பார்த்தாலும் தடுமாறுவோம். லிவோனிய வீரத்துறவியர் சபை 1561இலேயே கலைந்துவிட்டது. 1559இல் கொடுத்த சில மாதப் போர்நிறுத்தத்துக்குள் அவர்கள் போலந்து மன்னரிடம் அடைக்கலம் தேடிக்கொண்டார்கள். இவானின் கணக்கு முதலில் தவறியது அங்கேதான் என்பது என் கருத்து. அதன்பின் எதிரே நின்றவர்கள் லித்துவேனியரும் சுவீடர்களும். 1569இல் போலந்தும் லித்துவேனியாவும் ஒரே அரசாக இணைந்தன. 1570இல் டென்மார்க் மன்னரின் தம்பி மாக்னுஸை 'லிவோனிய மன்னர்' என்று இவான் அறிவித்தார். 1576இல் போலந்து அரியணை ஏறிய ஸ்தேபான் பாத்தோரி இவான் பிடித்துவைத்திருந்த லித்துவேனிய நகரமான போலோத்ஸ்க்கை மூன்றே ஆண்டுகளில் மீட்டுவிட்டார்.

மேற்கை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் தெற்கு மறந்துபோகும். கிரிமியத் தாத்தார்கள் ரஷ்யக் கிராமங்களிலிருந்து மக்களைப் பிடித்துக்கொண்டு போய் அடிமைச் சந்தையில் விற்றார்கள். அவர்களை மீட்கப் பணம் திரட்டுவது பற்றி 1551ஆம் ஆண்டுத் திருச்சபைப் பேரவையே முடிவெடுத்தது என்றால், அந்த வேதனை எவ்வளவு ஆழமாக இருந்திருக்கும்! 1571 மே மாதம் கான் தெவ்லெத் கிராய் மாஸ்கோவைக் கொளுத்தினான். கிரெம்ளினைத் தவிர நகரம் சாம்பலானது. இவானின் படைகள் லிவோனியாவின் ரெவால் (இன்றைய தால்லின்) கோட்டை முற்றுகையிலிருந்து திரும்பி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அஸ்திரகானை விட்டுக்கொடுக்கிறேன் என்று பேசும் நிலைக்கு அவர் இறங்கினார். கானோ கசானையும் சேர்த்துக் கேட்டான். மறு ஆண்டு மாஸ்கோவுக்குத் தெற்கே மொலோதியில் தளபதி மிகயில் வொரோத்தின்ஸ்கி, சக்கரங்களில் நகரும் மரக்கோட்டையை அரணாக வைத்துப் போரிட்டு, மீண்டும் வந்த கானின் படையை முறியடித்தார். மேற்கத்திய வரைபடங்களில் இந்த ஊர் கண்ணில்கூடப் படாது. வோல்கா கரை முழுவதும் மாஸ்கோவிடம் நிலைத்தது இந்த வெற்றியால்தான்.

இங்கிலாந்து உறவைக் காதல் கதையாக்க வேண்டாம். 1553இல் ஆங்கிலேய மாலுமி ரிச்சர்ட் சான்சலர் வடக்கே வெண்கடல் வழியாக வந்து சேர்ந்தார். ஆங்கிலேயருக்கு வேண்டியது வணிகச் சலுகை, இவானுக்கு வேண்டியது ராணுவக் கூட்டு. அது கிடைக்காத கோபத்தில்தான், நாட்டை நீங்கள் ஆளவில்லை, வணிகர்கள்தான் ஆள்கிறார்கள் என்று 1570இல் எலிசபெத் அரசிக்குக் கடிதம் எழுதினார்.

சைபீரியாவை இவானின் பெருந்திட்டமாகக் காட்டுவதும் சரியல்ல. அங்கே படையெடுத்துப் போன கொசாக் தலைவர் யெர்மாக்கை அனுப்பியது ஸ்துரோகனோவ் வணிகக் குடும்பம். அதற்காக அவர்களைக் கடிந்து 1582 நவம்பரில் ஜாரிடமிருந்து ஆணை போனது. தேதிகளிலும் கவனம் தேவை. ரஷ்யரின் ஆண்டு அப்போது செப்டம்பர் 1இல் பிறந்தது, உலகம் படைக்கப்பட்டதிலிருந்து எண்ணப்பட்டது. அதனால் ஒரே நிகழ்வுக்கு நூல்களில் இரண்டு ஆண்டுகள் காணப்படலாம்.

1582 ஜனவரியில் யாம் சபோல்ஸ்கியில் போலந்தோடு உடன்பாடு ஏற்பட்டது. லிவோனியாவும் போலோத்ஸ்க்கும் கைவிட்டுப் போயின. மாதக்கணக்கில் முற்றுகையைத் தாங்கிய ப்ஸ்கோவ் நகரம் மட்டும் விழவில்லை. 1583இல் சுவீடனோடு செய்த உடன்பாட்டில் இவான்கொரோட், யாம், கொப்போரியே மூன்றும் போயின. இவை போருக்கு முன்பே ரஷ்யரிடம் இருந்த கோட்டைகள். அவற்றை மீட்டது இவானின் மகன் ஃபியோதோர், 1595இல். பால்டிக் கரையில் இவானுக்கு மிஞ்சியது நேவா முகத்துவாரத்தை ஒட்டிய சிறு துண்டு மட்டுமே.