கலிஃபோர்னியாவில் ஷார்ட் சேல் முதலீடு: உரிமம் பெற்ற முகவர் தொடங்கும் முறை

பங்குச் சந்தையில் ஷார்ட் சேல் என்றால் வேறு பொருள். வீட்டு விற்பனையில், அடமானக் கடன் பாக்கி வீட்டின் மதிப்பைவிடக் கூடுதலாக இருக்கையில், குறைந்த தொகையைப் பெற்றுக்கொண்டு விற்பனைக்கு வங்கி சம்மதிப்பதையே அப்படிச் சொல்கிறோம். 5,80,000 டாலர் பாக்கியுள்ள வீடு 5,00,000 டாலருக்குத்தான் விலைபோகும் என்றால், வங்கிக்கு 80,000 டாலருக்கும் மேல் நட்டம்; ஆனால் அதை ஏலத்தில் எடுத்து, பராமரித்து, மீண்டும் விற்பது பெரும்பாலும் அதைவிடப் பெரிய நட்டத்தில் முடியும் என்பதால் வங்கி இறங்கி வருகிறது.

முதலில், நீங்கள் யார் பக்கம் நிற்கிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். வீட்டை விற்றுக்கொடுக்க ஒப்புக்கொண்ட முகவர் விற்பவரின் நலனுக்குக் கட்டுப்பட்டவர். அவரே அந்த வீட்டைக் குறைந்த விலைக்கு வாங்க நினைப்பது அந்தக் கடமைக்கு நேர் எதிரானது. ஃபேனி மே, ஃப்ரெடி மேக் (வங்கிகளிடமிருந்து வீட்டுக் கடன்களை வாங்கும் அமெரிக்க நிறுவனங்கள்) கடன்களில், விற்பவருக்கும் வாங்குபவருக்கும் உறவோ மறைமுக உடன்பாடோ இல்லை என்று முகவர்களும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். எனவே முதல் இரண்டு மூன்று விற்பனைகளை விற்பவரின் முகவராகவே நடத்தித் தொழிலைப் பழகுங்கள் என்பேன். பிறகு, வேறொரு முகவர் விற்பனைக்கு வைத்த வீட்டை வாங்கலாம். அப்போது உங்களுக்கு உரிமம் உண்டு என்பதை விலைகோரும் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். நீங்கள் யாருக்குக் கீழ் வேலை செய்கிறீர்களோ அந்த ப்ரோக்கருக்கும் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.

அடுத்தது வங்கிக்கு அனுப்பும் கோப்பு. வங்கி உங்களிடம் பேசுவதற்கு விற்பவரின் எழுத்துப்பூர்வ அனுமதி, அவருடைய கஷ்டத்தை விளக்கும் கடிதம், சம்பளச் சீட்டுகள், வங்கிக் கணக்கு அறிக்கைகள், வருமான வரிக் கணக்குகள் ஆகியவை பொதுவாக இதில் இருக்கும். ஒவ்வொரு தாளின் மேலும் கடன் எண்ணை எழுதுங்கள். கணக்கு அறிக்கையில் ஆறு பக்கம் என்று அச்சிட்டிருந்தால், ஒன்றும் எழுதாத ஆறாம் பக்கத்தையும் அனுப்புங்கள்; அந்த வெற்றுத்தாள் இல்லாததற்காகவே கோப்பு முழுமையற்றது என்று திரும்பிவரக் கூடும், அதற்குள் விற்பவரின் நாட்கள் கரைந்துவிடும்.

அந்த நாட்கள் உண்மையிலேயே குறைவு. கலிஃபோர்னியாவில் கடன் தவறிய அறிவிப்பு பதிவாகி மூன்று மாதம் கழிந்ததும் ஏல அறிவிப்பு வரலாம். பிறகு ஏலத்துக்குக் குறைந்தது 20 நாள். பெரும்பாலான குடியிருப்புக் கடன்களில், முழுமையான விண்ணப்பம் ஏலத் தேதிக்கு 37 நாட்களுக்கு முன்பே சேர்ந்துவிட்டால், பரிசீலனை முடியும்வரை ஏலத்தை நடத்தக் கூடாது என்பது கூட்டாட்சி விதி.

வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் வரும் நாளில் நீங்களே அங்கே இருங்கள். அருகில் விற்ற வீடுகளின் விலையையும் பழுதுச் செலவையும் உள்ளபடி கொடுங்கள். முதலீட்டாளருக்காக மதிப்பைத் தாழ்த்திக் காட்டுவது மோசடி.

அதே வீட்டின் மேல் இரண்டாம் கடன் இருந்தால் அந்த வங்கியின் சம்மதமும் தேவை. நான்கு குடியிருப்புகள் வரையுள்ள வீடுகளில், எழுத்துப்பூர்வமாகச் சம்மதித்த வங்கி மீதிப் பாக்கியை விற்பவரிடம் கேட்க முடியாதபடி 2011-இல் மாநிலச் சட்டம் வழி செய்தது. தள்ளுபடியான கடன் வருமானமாகக் கருதப்படலாம் என்பதால், விற்பவரை வரி ஆலோசகரிடம் கட்டாயம் அனுப்புங்கள். விற்பவரிடம் முன்பணம் எதுவும் வாங்காதீர்கள். ஏற்கனவே நொந்திருக்கும் குடும்பம் அது.

வாங்குபவராக நிற்கும்போது வங்கியின் ஒப்புதல் கடிதத்தை வரிவரியாகப் படியுங்கள். 30 நாட்களுக்கு மறுவிற்பனை கூடாது, அதன்பின் 90-ஆம் நாள்வரை வாங்கிய விலையின் 120 சதவீதத்துக்கு மேல் விற்கக் கூடாது என்ற நிபந்தனை இருக்கலாம். வட்டிக்குப் பணம் எடுத்தவர் அந்த மூன்று மாத வட்டியையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கடன் தவறிய அறிவிப்பு பதிவான, உரிமையாளர் குடியிருக்கும் வீட்டைத் தாம் குடியிருக்காமல் முதலீட்டுக்காக வாங்குவோருக்குத் தனிச் சட்டமே உண்டு: விற்பவர் ஐந்து வேலை நாட்களுக்குள் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம். அதனால் முதல் ஒப்பந்தத்தை வழக்கறிஞரைக் கொண்டு எழுதுங்கள்.

ஒப்புதல் கடிதத்துக்குக் காலாவதித் தேதி உண்டு. அதற்குள், எஸ்க்ரோ (இரு தரப்புக்கும் பொதுவாகப் பணத்தையும் பத்திரத்தையும் வைத்திருக்கும் நிறுவனம்) தயாரிக்கும் இறுதிக் கணக்கில் வங்கிக்குச் சேரும் தொகை கடிதத்தில் உள்ளதற்குக் குறையாமல் இருக்கிறதா என்று பார்த்து, வங்கியின் சம்மதத்தை எழுத்தில் பெற்ற பிறகே பத்திரத்தைப் பதிவுக்கு அனுப்புங்கள்.